இன்றைக்கு என்ன வெட்டி முறித்தேன்? வேலைத்திறனை நாமே அளப்பது பற்றி

ஜனவரி 12, காலை (வாசகர் கேள்வி)

காலையில் உட்கார்ந்தால் மாலை வரை தலை நிமிர்வதில்லை. ஆனால் எழுந்து கிளம்பும்போது இன்றைக்கு எதை முடித்தோம் என்று யோசித்தால் ஒன்றுமே ஞாபகத்துக்கு வரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் என்னைவிட நிதானமாகத்தான் வேலை செய்கிறார், அவர் வேலை மட்டும் முடிகிறது. என் வேலைத்திறனை நானே எப்படி அளப்பது? அளந்த பிறகு எப்படிக் கூட்டுவது? நல்ல செயலி இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 12, இரவு

செயலி இப்போதைக்கு வேண்டாம். நான் நான்கு வைத்திருந்தேன். வேலையைப் பதிவதற்குக் கொஞ்சம், நிறம் மாற்றுவதற்குக் கொஞ்சம், பட்டியலை மேலும் கீழும் நகர்த்துவதற்குக் கொஞ்சம் என்று அதுவே ஒரு வேலையாகிவிட்டது. கடைசியில் கைகொடுத்தது கோடு போட்ட தாள்தான்.

என் வேலை இயந்திரங்களுக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதுவது. போன வருடம் எனக்கும் இதே கேள்வி வந்தது. எட்டு மணி நேரத்தைக் கால் மணிக் கட்டங்களாகப் பிரித்தேன், ஒரு நாளைக்கு 32 கட்டம். ஒவ்வொரு கட்டமும் முடிந்தவுடன் அதில் ஓரெழுத்து. எழுதினால் எ. கூட்டம் என்றால் கூ. மின்னஞ்சல், அரட்டை எல்லாம் மி. யாரிடமாவது கேட்டுவிட்டுக் காத்திருந்தால் கா. முடிந்ததைத் திரும்பச் செய்தால் தி. எதிலும் சேராததற்குக் கேள்விக்குறி. இப்படிப் பத்து வேலை நாள்.

இதில் என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. மேலாண்மை பற்றி எழுதிய பீட்டர் டிரக்கர் 1967-லேயே இதைத்தான் சொன்னார்: வேலையிலிருந்து தொடங்காதே, நேரம் எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்கு, ஞாபகத்தை நம்பாமல் எழுதிப் பார். ஞாபகத்தை நம்பாதே என்பதுதான் இதில் முக்கியம்.

ஜனவரி 13

கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். 320 கட்டத்தில் எ 71, மி 64, கூ 58, கா 49, தி 46, கேள்விக்குறி 32.

71 கட்டம் என்றால் பத்து நாளில் பதினேழே முக்கால் மணி. ஆக, ஒரு நாளைக்கு நான் எழுதுவது ஒன்றே முக்கால் மணி நேரம். அளப்பதற்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் தயங்காமல் ஐந்து மணி என்று சொல்லியிருப்பேன். பொய்யாக இல்லை, மனதார அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 13, மறுபடி

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் கட்டம் நிரப்ப மறந்துபோனேன். ஐந்து மணிக்கு உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்பினேன். எல்லாக் கட்டத்திலும் எ விழுந்தது. அன்றைக்கு மதியம் முழுக்க நான் எழுதிய பக்கத்தைத் திறந்து பார்த்தால் இரண்டே பத்தி. ஆகவே மேலே சொன்ன 71-கூடக் கொஞ்சம் ஊதியதுதான்.

ஜனவரி 15

"நேரம் எதற்கு? முடித்ததை எண்ணினால் போதாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று எனக்கு நானே இலக்கு வைத்துக்கொண்டேன். மேலாளர் கேட்கவில்லை, நானாகத் தேடிப்போன வினை. முதல் மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் என் கையேடுகள் குண்டாக ஆரம்பித்தன. எச்சரிக்கைக் கட்டம் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும், நான் ஒவ்வொரு அத்தியாயத்திலும் போட்டேன். ஒரு வரியில் சொல்லக்கூடியதை மூன்று படியாக உடைத்தேன். 40 பக்கத்தில் நிற்க வேண்டியது 58 பக்கம் ஆனது. நான் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. எழுதும்போது ஒவ்வொன்றும் "தெளிவுக்காக" என்றுதான் தோன்றியது.

சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டன் பொருளாதார அறிஞர் 1975-ல் பணக் கொள்கை பற்றிச் சொன்னதை ஒட்டி ஒரு விதி உண்டு. 1997-ல் மேரிலின் ஸ்ட்ராதர்ன் என்ற மானுடவியலாளர் அதைச் சுருக்கிச் சொன்னார்: ஓர் அளவுகோல் இலக்காக மாறிய உடனே அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை. அவர் அதைப் பல்கலைக்கழகங்களின் தணிக்கை முறையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அதற்குப் பல்கலைக்கழகம் தேவைப்படவில்லை. தனி ஆளாக, யாரும் மிரட்டாமல், அந்த விதியை நிரூபித்துக் காட்டினேன்.

ஜனவரி 16

அரட்டைப் பெட்டியில் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிவதை அளவுகோலாக வைத்திருக்கும் இடங்களைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். அந்த விளக்கு அணையாமலிருக்க, சுட்டியைத் (மவுஸை) தானாக ஆட்டும் கருவி விற்பனைக்குக் கிடைக்கிறது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஜனவரி 19

எச்சரிக்கை ஒன்று. அளக்க ஆரம்பித்த முதல் வாரம் உங்கள் எண்கள் தானாகவே நன்றாகத் தெரியும். யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பே போதும், அந்த யாரோ நாமாகவே இருந்தாலும். 1924-ல் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹாதார்ன் ஆலையில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துச் சோதனை செய்தார்களாம். கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது. கவனிக்கப்படுகிறோம் என்பதே காரணம் என்று சொல்வார்கள்.

ஜனவரி 22

எல்லோரும் மின்னஞ்சலையும் கூட்டத்தையும்தான் திட்டுகிறீர்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். ஆனால் என் தாளில் என்னை உறுத்தியது தி. நாற்பத்தாறு கட்டம், பதினொன்றரை மணி நேரம், ஏற்கெனவே முடித்ததைத் திரும்பச் செய்திருக்கிறேன்.

அதில் 30 கட்டம் ஒரே கையேட்டில் விழுந்தது. ஓர் எடை இயந்திரம். அதில் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரும் பொத்தானை மூன்று விநாடி அழுத்த வேண்டும் என்று வடிவமைப்பாளர் சொன்னார், எழுதினேன். பிறகு பொத்தான் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனது. படங்களை மாற்றினேன். அப்புறம் மூன்று விநாடி ஐந்து விநாடி ஆனது. மொத்தம் 23 இடத்தில் மூன்று இருந்தது. தேடிக் கிடைத்த 22-ஐ மாற்றினேன். விட்டுப்போன ஒன்று, பக்கம் 31-ல் அட்டவணைக்குள், எண்ணாக இல்லாமல் எழுத்தில் "மூன்று" என்று உட்கார்ந்திருந்தது. தேடுபெட்டியில் நான் தட்டியது 3. கையேடு அச்சுக்குப் போன பிறகுதான் கண்ணில் பட்டது.

இதில் என் வேகத்தைப் பற்றி என்ன சொல்ல? வேகமாகத்தான் எழுதினேன். மூன்று வாரம் பொறுத்திருந்தால் ஒரே தடவை எழுதியிருப்பேன். கை சும்மா இருக்கக் கூடாதே என்று தொடங்கிய வேலை அது.

இப்போது தொடங்கும் முன் கேட்பது: எது இன்னும் மாறும்? அதை யார் முடிவு செய்வார்? எப்போது? இந்த மூன்றாவதற்கு மட்டும் எப்போதும் "சீக்கிரம்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் வந்தால் நான் தொடங்குவதில்லை.

ஜனவரி 27

திருத்தம். ஹாதார்ன் கதையை நான் கேட்டபடியே சொல்லிவிட்டேன். ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் அந்த விளக்குச் சோதனையின் பழைய பதிவுகளைத் தேடியெடுத்து 2011-ல் மறுபடி ஆராய்ந்திருக்கிறார்கள். எதைச் செய்தாலும் உற்பத்தி ஏறியது என்ற அந்த அதிசயம் அந்தத் தரவில் இல்லை. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. என் முதல் வாரம் நன்றாக இருந்தது உண்மை. அதற்குச் சாட்சியாக ஓர் ஆலையை இழுத்துவந்தது தப்பு.

பிப்ரவரி 3

மேலே சொன்ன தாளில் வராத ஒரு கணக்கு.

ஒரு நாள் கையில் எத்தனை வேலை திறந்து கிடக்கிறது என்று எண்ணினேன். ஒன்பது. முந்தைய மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒன்றரை ஆவணம் முடித்திருக்கிறேன். ஒன்பதை ஒன்றரையால் வகுத்தால் ஆறு. ஆக, எதைத் தொட்டாலும் முடிய ஆறு வாரம். "மூன்று பக்கத்துக்கு ஆறு வாரமா?" என்று ஒருவர் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் கணக்கு சரிதான்.

வரிசைகளைப் பற்றிய இந்த உறவை 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் நிரூபித்தார். உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கை, வந்துபோகும் வேகத்தையும் ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவதற்குச் சமம். வரிசையில் நிற்கும் ஆட்களுக்கும் பொருந்தும், கிடங்கில் கிடக்கும் பெட்டிக்கும் பொருந்தும், என் மேசைக்கும் பொருந்துகிறது. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அகலக்கால் வைத்தால் ஒவ்வொன்றும் இழுக்கும்.

ஒன்பதை மூன்றாக்கினேன். மூன்றில் ஒன்று முடியாமல் நான்காவதைத் திறப்பதில்லை. இப்போது இரண்டே வாரத்தில் முடிகிறது.

பிப்ரவரி 4

பிடித்துவிட்டார்கள். "மற்ற ஆறும் எங்கே போயின? வாசலுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே கூட்டம் குறைந்தது என்றால் எப்படி? கேட்ட நாளிலிருந்து கணக்குப் போட்டால் அதே ஆறு வாரம்தானே?"

ஆமாம். வாரத்துக்கு ஒன்றரை என்ற வேகம் மாறாத வரைக்கும் கேட்டவர் காத்திருக்கும் மொத்த நேரம் குறையாது. நேற்று எழுதும்போது இதை யோசிக்கவில்லை. மார்தட்டிக்கொள்ளும் அவசரம்.

ஆனாலும் ஏதோ மாறியது, அது என்ன என்று இன்று முழுக்க யோசித்தேன். வெளியே நிற்கும் வேலையை நான் தொடவில்லை. தொடாததால் அதன் வரிசையை மாற்றலாம், வேண்டாம் என்று சொல்லலாம். அந்த ஆறில் இரண்டு, நான் தொடும் முன்பே ரத்தாகிவிட்டன. பழைய முறையில் இரண்டுக்கும் தலா பத்துப் பக்கம் எழுதியிருப்பேன். இன்னொன்றில் இயந்திரமே மாறிப்போனது. தாமதமாகத் தொடங்கியதால் தி குறைந்தது, தி குறைந்ததால் ஒன்றரை இரண்டானது. அதாவது ஜனவரி 22-ல் எழுதியதும் நேற்று எழுதியதும் ஒரே விஷயத்தின் இரண்டு முனை. அதை எழுதிய எனக்கே இன்றுதான் தெரிகிறது.

பிப்ரவரி 11

குறுக்கீடு பற்றி. மி என்று போட்ட 64 கட்டத்தையும் நான் மற்றவர்கள் தலையில்தான் கட்டினேன். போன மாதம் மூன்று நாள் மட்டும் மறுபடி அளந்தேன், இந்த முறை ஒரு சின்னத் திருத்தத்தோடு: யாராவது அழைத்துப் போனேனா, நானாகப் போனேனா? நானாகப் போனதுதான் அதிகம். கடினமான வாக்கியம் வந்தால் கை தானாக அஞ்சல் பெட்டிக்குப் போகிறது. அங்கே புதிதாக ஒன்றும் இருக்காது. இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு திரும்பி வருகிறேன்.

குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் அலுவலக வேலையில் கவனத்தைப் பல வருடமாக அளந்துவருகிறார். 2004 வாக்கில் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், பிந்தைய அளவீடுகளில் 47 விநாடியாகச் சுருங்கியிருக்கிறது. பிறர் நம்மைக் குறுக்கிடும் அளவுக்கு ஏறக்குறைய நாமே நம்மைக் குறுக்கிடுகிறோம் என்பதும் அவர் ஆய்வுகளில் வருகிறது. அறிவிப்பு மணிகளை அணைத்துவிட்டு ஏன் ஒன்றும் மாறவில்லை என்று கேட்டிருந்தீர்களே, அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

பிப்ரவரி 12

இதற்கு எனக்கு உதவிய ஒரே விஷயம் மிகச் சின்னது. ஒரு வேலையை விட்டு எழும் முன் அரை வரி எழுதிவைப்பது: எங்கே நிற்கிறேன், அடுத்தது என்ன. "4.2-ல் படம் 7, அம்புக்குறி தலைகீழ், சரிசெய்" என்கிற மாதிரி.

சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் ஒன்றைக் காட்டினார். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குப் போனால் மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், புதியதில் தடுமாறுவோம். 2018-ல் அவரும் தெரேசா க்ளோம்பும் இதற்கு ஒரு வழியும் சொன்னார்கள், கிட்டத்தட்ட இந்த அரை வரிதான். பாத்திரத்தின் அடியில் ஒட்டியது மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதை எழுதிவைத்தால் மனம் விட்டுவிடுகிறது.

பிப்ரவரி 13

இன்று காலை வந்து நேற்றைய அரை வரியைப் பார்த்தேன். "அடுத்தது: அது" என்று இருந்தது.

மார்ச் 2

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையைப் பற்றி நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். ஃப்ரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கியது. எனக்கு அது தள்ளிப்போட்ட வேலையைத் தொடங்குவதற்கு உதவும். எழுத உதவாது, சூடு பிடிக்கும் நேரத்தில் மணி அடிக்கும். அவ்வளவுதான், சண்டை வேண்டாம்.

மதிப்பீடு பற்றிய கேள்விதான் இதைவிட முக்கியம். "எத்தனை நாளில் முடிப்பாய்?" என்று கேட்டால் நாம் சொல்வது ஏன் எப்போதும் தப்புகிறது?

1994-ல் ரோஜர் ப்யூலர் என்ற உளவியலாளரும் மற்ற இருவரும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோளாறாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். நடுநிலையான ஊகம் தப்பியது எனக்கு ஆச்சரியமில்லை. கெட்டதிலும் கெட்டதை நினைத்துச் சொன்னதுகூடப் போதவில்லை என்பதுதான்.

நான் செய்தது: பன்னிரண்டு வேலைக்கு, தொடங்கும் முன் ஊகத்தை எழுதி மடித்துவைத்தேன். மொத்தம் 61 மணி. ஆனது 98 மணி. வகுத்தால் 1.6. இப்போதெல்லாம் மனதில் என்ன தோன்றினாலும் 1.6-ஆல் பெருக்கித்தான் வெளியே சொல்கிறேன். முகம் சுளிக்கிறார்கள். ஆனால் சொன்ன நாளில் முடிகிறது. இதனால் நான் ஒரு நிமிடம்கூட வேகமாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 9

உங்கள் விவாதம், ஆலை வேலையை நேரம் வைத்து அளந்த அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் பக்கம் போய்விட்டதால் ஒரு வார்த்தை. ஃபிரெடெரிக் டெய்லர் நிறுத்துகடிகாரத்தோடு நின்று, மண்வாரி ஒரு தடவைக்கு ஏறத்தாழ 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ அள்ளினால் ஒரு நாளில் அதிகம் அள்ளலாம் என்று கண்டார். நிலக்கரித் தூளுக்குப் பெரிய வாரி, தாதுக்குச் சின்ன வாரி. மண் அள்ளுவதில் அடுத்த வாரிக்கு என்ன செய்வது என்ற சந்தேகம் வராது. எனக்கு நிறைய நேரம் அந்தச் சந்தேகத்திலேயே போகிறது. அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் வைத்ததுதான் கேள்விக்குறி. பத்து நாளில் 32.

இந்த 32-ஐ வீண் என்று நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சில நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த கட்டத்துக்கு அடுத்த கட்டத்தில்தான் எ நன்றாக ஓடியிருக்கிறது. சில நாள் வெறும் ஜன்னல்தான்.

மார்ச் 20

கேள்வி கேட்டவர் தன் தாளை அனுப்பியிருக்கிறார். அனுமதியோடு சொல்கிறேன். அவருக்கு எ 118, என்னைவிட எவ்வளவோ மேல். ஆனால் துண்டு துண்டாக. பத்து நாளில் தொடர்ந்து மூன்று கட்டம் எ விழுந்தது நான்கே தடவை. ஒன்றும் முடித்த ஞாபகம் இல்லை என்று அவர் ஜனவரியில் சொன்னதற்குக் காரணம் தாளிலேயே தெரிகிறது. காலை முதல் இரண்டு மணி நேரம் அரட்டையை மூடிவைக்க மேலாளரிடம் கேட்டிருக்கிறார். சரி என்றாராம், புதன்கிழமை தவிர.

பக்கத்து இருக்கைக்காரரிடமும் போய்க் கேட்டிருக்கிறார், அதுதான் எனக்குப் பிடித்தது. யார் எது கேட்டாலும் அவர் "நாளைக்குப் பார்க்கிறேன்" என்று சொல்லிக் குறித்துக்கொள்வாராம். மறுநாள் அவர்களிடம் போனால் பாதிப் பேர் "அது முடிந்துவிட்டது" என்பார்களாம். நான் லிட்டில், வகுத்தல் என்று இரண்டு நாள் எழுதியதை அவர் ஒரு சொல்லில் செய்துகொண்டிருக்கிறார்.

மார்ச் 21

இல்லை, எல்லோராலும் அப்படிச் சொல்ல முடியாது என்பது தெரியும். புதிதாகச் சேர்ந்தவர் "நாளைக்கு" என்றால் சோம்பேறி, பதினைந்து வருட அனுபவக்காரர் சொன்னால் நிதானம். குறித்துக்கொள்வதை அவர்கள் கண்முன்னே செய்யுங்கள், கொஞ்சம் எடுபடும்.

ஏப்ரல் 6

இந்தக் காலாண்டுக்கு மறுபடி பத்து நாள் அளந்தேன். எ 104, தி 17. கூ 61, போன தடவையைவிட மூன்று அதிகம். தி குறைந்தது எப்படி என்று மற்றவர்களுக்கு விளக்குவதற்காக வைத்த கூட்டங்களும் இதில் அடக்கம்.

பெருக்கும் எண்ணையும் பார்த்தேன். எழுத்து வேலைக்கு 1.6 இப்போது 1.3. படம் வரையும் வேலைக்குத் தனியாகக் கணக்கிட்டால் 2.2, அது அசைய மறுக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் என்று நினைத்துத்தான் உட்காருகிறேன். படம் வரைகிறவர்கள் யாராவது இருந்தால் உங்கள் எண் எவ்வளவு என்று சொல்லுங்கள்.